நெடுமொழியும் மறுமொழியும்: ஹிப் ஹாப் இலக்கியத்தில் பெண்டிர்

ஒரு கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் முதல்வர் யார் என்று வினவுவது மரபு. ஹிப் ஹாப் என்னும் கலைக்கு அவ்வாறு கூறப்பெறும் முதல்வர் டி.ஜே. கூல் ஹெர்க் ஆவார். அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில், பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520 என்னும் இலக்கமுடைய அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில், 1973 ஆகஸ்ட் 11 அன்று அவர் இசைத்தட்டுகளைச் சுழற்றிய இரவே இக்கலை பிறந்த இரவு என்பர். மெய்யே. ஆயினும் அவ்விரவுக்கு ஓர் அழைப்பிதழ் இருந்தது. சிறு அட்டைகளில் கையால் எழுதப்பெற்ற அவ்வழைப்பில், மகளிர்க்கு 25 சென்ட், ஆடவர்க்கு 50 சென்ட் என நுழைவுக் கட்டணமும் குறிக்கப்பெற்றிருந்தது. அட்டைகளை எழுதி, விருந்துக்கான ஏற்பாடுகளைச் செய்தவர் சிண்டி காம்பெல் என்னும் பெண்; ஹெர்க்கின் தங்கை. கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறக்கும்போது புத்தாடை வாங்கப் பணம் வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அண்ணனின் பெயர் நூல்தோறும் ஏறிற்று. தங்கையின் பெயர் நெடுங்காலம் அடிக்குறிப்பளவிலேயே நின்றது.

அக்காலத்துப் பிராங்க்ஸைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். 1948-இல் தொடங்கப்பெற்ற பெருநெடுஞ்சாலைப் பணி அப்பகுதியை ஊடறுத்துச் சென்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. தொழிற்சாலைகள் அகன்றன. 1970-களில் கட்டடங்கள் தொடர்ந்து தீக்கிரையாயின. எஞ்சியிருந்தோர் பெரும்பாலும் கறுப்பின மக்களும், போர்ட்டோ ரிக்கோ, ஜமைக்கா முதலிய தீவுகளிலிருந்து குடியேறியோருமாவர். ஹெர்க்கின் குடும்பமும் ஜமைக்காவிலிருந்து வந்ததே. அங்ஙனம் நகராட்சியும் வணிகமும் கைவிட்ட தெருக்களில், இளைஞர் கைக்கு அகப்பட்டவற்றைக் கொண்டே ஒரு கலையை ஆக்கினர். பழைய இசைத்தட்டுகள் இசைக்கருவியாயின, சுவர்கள் ஓவியத் திரையாயின, நடைபாதை ஆடரங்காயிற்று. இசைத்தட்டின் தாளத்திற்கேற்ப அடுக்கடுக்காகச் சொல்லப்பெற்ற செய்யுள் 'ராப்' எனப்பெற்றது. இதனை இலக்கியம் என்று கொள்ளலாமா என ஐயுறுவோர், அதன் இயைபுத் தொடையின் செறிவையும், ஒரே மூச்சில் சீர்கள் விரைந்து ஓடித் தாளத்தின் வாயிலில் வந்து நிற்கும் திறத்தையும் ஒருமுறை செவிமடுப்பாராக. வாய்மொழிக் கவிதையில் தோய்ந்த நமக்கு அவ்வையம் நெடுநேரம் நில்லாது.

நம் புறத்திணை நூலார் 'நெடுமொழி கூறல்' என்று ஒரு துறை வகுத்தனர். வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைப்பது அது. ராப் என்னும் செய்யுளின் உயிர்நாடியும் இந்நெடுமொழியே. 'என்னை ஒப்பார் யார்?' என்பதே ஆடவர் பாட்டின் முதலும் முடிவுமாக இருந்தது. இக்கட்டுரை ஆராய விழைவது ஒன்று: அந்நெடுமொழியைப் பெண்கள் கையில் எடுத்தபோது அது என்னவாக மாறிற்று?

முதலில் ஒரு முரணைக் கூறியாக வேண்டும். தெருவிலிருந்த ராப்பை வீடுதோறும் கொண்டு சேர்த்தவர் ஒரு பெண். சில்வியா ராபின்சன் 1950-களில் பாடகியாகப் புகழ்பெற்றவர். 1979-இல் அவர் தம் கணவருடன் நியூஜெர்சியில் நிறுவிய சுகர் ஹில் நிறுவனம் வெளியிட்ட 'ராப்பர்ஸ் டிலைட்' என்னும் இசைத்தட்டே இக்கலையை உலகறியச் செய்தது. 1982-இல் சேரி வாழ்வின் அவலத்தைப் பொருளாகக் கொண்ட 'த மெசேஜ்' பாட்டைப் பதிவு செய்யக் குழுவினர் தயங்கினர்; விருந்துக்கு வருவோர் துயரக் கதையையா கேட்பர் என்பது அவர்கள் எண்ணம். விடாது வற்புறுத்தி வெளிக்கொணர்ந்தவர் சில்வியா. சமுதாயப் பொருளை ராப் தாங்கும் என்பதற்கு அப்பாட்டே பின்வந்தோர்க்கு வழிகாட்டியாயிற்று. 2002-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் ஒலிப்பதிவுக் களஞ்சியத்திற்கு முதன்முதலில் தெரிந்தெடுத்த ஐம்பதில் இதுவும் ஒன்று. எனினும் அவரை வாயாரப் புகழ்ந்து விட்டுவிடல் ஆகாது. 'ராப்பர்ஸ் டிலைட்' பாட்டின் ஒரு பகுதி கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்னும் பிராங்க்ஸ் கவிஞருடையது. இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை. உரிய ஊதியம் கிட்டவில்லை என்று அந்நிறுவனக் கலைஞர் பலர் பின்னாளில் குறைகூறினர். பெயர் மறைக்கப்படுவது பெண்ணுக்கு மட்டும் நேர்வதன்று. பெண்ணுக்கு மிகுதியாக நேர்வது என்பதே உண்மை. சில்வியாவுக்கே ராக் இசைப் பெருமக்கள் மண்டபத்தில் இடம் கிடைத்தது 2022-இல். அவர் மறைந்து பதினோராண்டுகள் கழிந்த பின்னர்.

பாடிய பெண்களும் தொடக்கத்திலேயே இருந்தனர். தென் கரோலினாவைச் சேர்ந்த மூன்று தோழியர் 'த சீக்வென்ஸ்' என்னும் குழுவாக 1979-லேயே இசைத்தட்டு வெளியிட்டனர். 'ஃபங்கி ஃபோர் ப்ளஸ் ஒன்' குழுவின் ஷா ராக், 1981 பிப்ரவரி 14 அன்று அமெரிக்கத் தேசியத் தொலைக்காட்சியில் தம் குழுவினரோடு தோன்றினார். அங்ஙனம் தோன்றிய முதல் ஹிப் ஹாப் குழு அதுவே. அக்குழுவின் பெயரையே நோக்குக: ஆடவர் நால்வர், 'மேலும் ஒன்று' அப்பெண்! அவர் இன்றி அக்குழு இல்லை என்பது அக்காலத்தார் அனைவரும் அறிந்தது.

ஆயினும் பெண் பாட்டின் தனித்தன்மை விளங்கத் தொடங்கியது 1984-இல் என்பது என் கருத்து. அவ்வாண்டு யு.டி.எஃப்.ஓ. என்னும் ஆடவர் குழு, தங்களை மதியாத ரோக்சேன் என்னும் கற்பனைப் பெண்ணை எள்ளி ஒரு பாட்டு வெளியிட்டது. குவீன்ஸ்பிரிட்ஜ் என்னும் அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த லோலிடா ஷாண்டே கூடன் என்னும் பதினான்கு வயதுச் சிறுமி, அக்கற்பனைப் பெண்ணின் வாயாகத் தான் நின்று மறுமொழி கூறினாள். துணி வெளுக்கச் சென்ற வழியில், அக்குடியிருப்பிலேயே வாழ்ந்த இசையமைப்பாளர் மார்லி மார்லின் வீட்டில், எழுதிவைத்துப் படியாமல் அவ்விடத்திலேயே தொடுத்துப் பாடியது என்பர். 'ரோக்சேன்ஸ் ரிவெஞ்ச்' என்னும் அப்பாட்டு நகரெங்கும் பரவிற்று. ரோக்சேன் ஷாண்டே என்னும் பெயர் நிலைத்தது. அவளுக்கு மறுமொழியாகவும், அம்மறுமொழிகளுக்கு மறுமொழியாகவும் பற்பல பாட்டுகள் எழுந்தன. எரிந்த கட்சி, எரியாத கட்சி லாவணி கேட்டு வளர்ந்தோர்க்கு அக்களரி எத்தகையதாக இருந்திருக்கும் என்று விளக்க வேண்டுவதில்லை.

இங்கு நிகழ்ந்தது யாது? பாட்டில் பேசப்படும் பொருளாக மட்டும் இருந்த பெண், எழுந்து பேசினாள். ஆடவன் தன்னைத் தான் வியந்து கொண்டிருந்த அவையில், அவ்வியப்பைக் கேள்விக்கு உள்ளாக்கும் குரல் ஒன்று நுழைந்தது. நெடுமொழி மறுமொழியாயிற்று. பின்வந்த பெண் கவிஞர் எல்லாரும் இவ்வாயிலின் வழியே உள்ளே வந்தனர் எனலாம்.

புரூக்ளினைச் சேர்ந்த எம்.சி. லைட், போதைப்பொருளுக்கு அடிமையான காதலனைப் பற்றிப் பாடினார். அவருடைய 1988-ஆம் ஆண்டுத் தொகுப்பே தனிப்பெண் ஒருவர் வெளியிட்ட முதல் முழு ராப் தொகுப்பாகக் கருதப்பெறுகிறது. சால்ட் அன் பெப்பா குழுவினர் 1991-இல் பாலுறவு பற்றி வெளிப்படையாகப் பேசுக என்று பாடிய பாட்டை, அடுத்த ஆண்டே எய்ட்ஸ் நோய் குறித்த அறிவுரைப் பாட்டாகத் திருத்தி அமைத்தனர்.

இவர்களிடையே நின்று நோக்கத் தக்கவர் குவீன் லத்தீஃபா. நியூஜெர்சியின் நூவர்க் நகரில் 1970-இல் பிறந்த டானா ஓவன்ஸ், 'லத்தீஃபா' என்னும் அரபுப் பெயரைச் சிறுவயதிலேயே தாமே தெரிந்து சூடிக்கொண்டவர். மென்மை உடையவள் என்பது அதன் பொருள். அதன்முன் 'அரசி' என்று சேர்த்தது நெடுமொழியே. ஆனால் அவ்வரசி தன் புகழை மட்டும் பாடவில்லை. 1989-இல் இலண்டனைச் சேர்ந்த மோனி லவ் என்பாருடன் அவர் பாடிய 'லேடீஸ் ஃபர்ஸ்ட்' பாட்டின் படக்காட்சியில், அடிமைத்தளையை எதிர்த்த ஹாரியட் டப்மன், சோஜர்னர் ட்ரூத் ஆகியோரின் உருவங்கள் தோன்றும். லத்தீஃபா படைத்தலைவி போல் உடையணிந்து, தென்னாப்பிரிக்க நிலப்படத்தின்மேல் நிற்கும் வெள்ளை உருவங்களை அகற்றி, அவ்விடங்களில் உயர்த்திய கறுப்பு முட்டிகளை நிறுத்துவார். நெல்சன் மண்டேலா அப்போது சிறையில் இருந்தார் என்பதை நினைவிற் கொள்க. பெண்ணுக்கு முதன்மை வேண்டும் என்னும் பாட்டு, ஒரு நாட்டின் விடுதலைப் போரோடு தன்னைப் பிணைத்துக் கொண்டது.

1993-இல் வந்த அவருடைய 'யூனிட்டி' என்னும் பாட்டு இன்னும் கூர்மையானது. அதற்குள் ராப் பாட்டுகளில் பெண்ணை இழிசொல்லால் அழைப்பது வழக்கமாகி, வணிகமும் அதற்குத் துணைநின்றது. அப்பாட்டின் முதற்பகுதி தெருவில் பெண்ணைத் தீண்டி இழிவுசெய்வோனை எதிர்ப்பது. இரண்டாம் பகுதி கணவன் அல்லது காதலன் கையால் அடிபடுவோள் வெளியேறத் துணிவதைக் கூறுவது. மூன்றாம் பகுதி, கொடுமைக்காரன் வேடத்தைத் தானும் புனைந்து திரியும் இளம்பெண்ணை நோக்கிக் கடிந்துரைப்பது. இம்மூன்றாம் பகுதியே அவரை வெறும் எதிர்ப்பாட்டுக்காரரினின்றும் உயர்த்துகிறது. பகைவனை மட்டும் சாடுவது எளிது. தன் தோழியைச் சாடுவதற்கு வேறொரு துணிவு வேண்டும். 1995-இல் அப்பாட்டு கிராமி விருது பெற்றது.

லாரின் ஹில் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. அவருடைய 1998-ஆம் ஆண்டுத் தொகுப்பின் பெயர், கறுப்பின வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன் 1933-இல் எழுதிய கல்வி பற்றிய நூலின் பெயரை நினைவூட்டுவது. 1999-இல் ஐந்து கிராமி விருதுகளைப் பெற்ற அத்தொகுப்பு, ஆண்டின் சிறந்த தொகுப்பு என்னும் விருதை வென்ற முதல் ஹிப் ஹாப் படைப்பு. ஆனால் உடன் உழைத்த இசைக்கலைஞர் தங்கள் பங்கு மறைக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்தனர். 2001-இல் அது சமரசத்தில் முடிந்தது. யார் பெயர் ஏறும் என்னும் பழைய கேள்வி இங்கும் விடவில்லை.

இனி, இவ்விலக்கியம் ஆய்வுப் பொருளான வரலாறு. இதனைப் பல்கலைக்கழகத்திற்குள் கொண்டு சென்றோருள்ளும் பெண்கள் முன்னின்றனர். டிரிஷா ரோஸ் 1994-இல் வெளியிட்ட 'பிளாக் நாய்ஸ்' என்னும் நூல் இத்துறைக்கு அடிப்படை. பெண் பாடகியரை ஆடவர்க்கு நேர் எதிரணியாகக் காண்பது பிழை. அவர்கள் ஆடவரோடு உரையாடுகின்றனர், சில இடங்களில் உடன்பட்டும் சில இடங்களில் மறுத்தும் பேசுகின்றனர் என்பது அவர் துணிபு. ஜமைக்காவில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்த ஜோன் மார்கன், 1999-இல் 'ஹிப் ஹாப் பெண்ணியம்' என்னும் தொடரை வழக்கிற்குக் கொண்டுவந்தார். தன்னை இழித்துரைக்கும் கலையைத் தான் ஏன் நேசிக்கிறேன் என்னும் அவருடைய கேள்வி நேர்மையானது. 2002-இல் ஹார்வர்டில் ஹிப் ஹாப் ஆவணக் காப்பகத்தை நிறுவியவரும் மார்சிலியானா மார்கன் என்னும் மொழியியல் அறிஞரே.

நூலறிவு தெருவிற்கு இறங்கிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2004-இல் அட்லாண்டா நகரிலுள்ள ஸ்பெல்மன் என்னும் கறுப்பின மகளிர் கல்லூரிக்கு, நெல்லி என்னும் புகழ்பெற்ற ராப் பாடகரின் அறக்கட்டளை எலும்பு மச்சைக் கொடையாளரைப் பதிவுசெய்ய வருவதாக இருந்தது. அவருடைய தமக்கை இரத்தப் புற்றுநோயால் வருந்திக் கொண்டிருந்தார். நோக்கம் உயர்ந்தது. ஆயினும் அவருடைய பாட்டுப்படம் ஒன்றில் பெண்ணுடல் விலைப்பொருள் போல் காட்டப்பட்டிருந்தது. வருக, ஆனால் அப்படம் பற்றி எங்களோடு பேசுக என்றனர் மாணவியர். பேச உடன்பாடு ஏற்படவில்லை, நிகழ்ச்சி கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு அத்தமக்கை இறந்தார். மாணவியர் செய்தது சரியா என்று இன்றும் வாதிடுவோர் உளர். என் வரையில், அவர்கள் கேட்டது ஒரு மறுமொழிக்கான அவகாசமே. அதனை மறுத்தது மற்றவர் பிழை. ஆனால் அவ்விறப்பை நினையாது இவ்வரியை எழுத இயலவில்லை. அப்போராட்டத்தில் நின்ற மோயா பெய்லி பின்னர்ப் பேராசிரியராகி, கறுப்பினப் பெண்கள்மீது மட்டும் பாயும் தனி வெறுப்பைக் குறிக்கப் புதியதொரு சொல்லையே ஆங்கிலத்திற்கு வழங்கினார்.

அமெரிக்காவிற்கு அப்பாலும் இக்கலை சென்றது. ஆப்கானிஸ்தானத்திலிருந்து ஈரானுக்கு அகதியாக வந்த சோனிதா அலிசாதேயை, 9,000 டாலர் விலைக்கு மணம் பேசிக்கொடுக்கக் குடும்பத்தார் முனைந்தனர். அத்தொகை தமையனின் திருமணத்திற்கு வேண்டியிருந்தது. பெண் தனித்துப் பாடத் தடையுள்ள நாட்டில், 2014-இல் அவர் மணப்பெண் உடையில், நெற்றியில் கடைச்சரக்கின் விலைக்கோடுகளை வரைந்துகொண்டு ஒரு ராப் பாட்டைப் பதிவுசெய்தார். தம்மைப் படம்பிடித்துக் கொண்டிருந்த பெண் இயக்குநர் தாய்க்குப் பணம் கொடுத்துக் காலம் வாங்கியமையால் அத்திருமணம் தள்ளிப்போயிற்று. பின்னர் அவர் அமெரிக்கா சென்று கல்வி கற்றார். பாட்டு ஒரு பெண்ணின் விதியை மாற்றிற்று என்று கூறுவர். பாட்டோடு 2,000 டாலரும் சேர்ந்து மாற்றிற்று என்பதே சரியான கூற்று.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. கொடைக்கானலில் யூனிலீவர் குழுமத்தின் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. பாதரசக் கழிவு மண்ணில் தங்கிற்று. பணிபுரிந்தோர் இழப்பீடு கேட்டுப் பதினைந்தாண்டுகள் போராடினர். சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் 2015-இல் 'கொடைக்கானல் வோண்ட்' என்னும் ஆங்கில ராப் பாட்டை வெளியிட்டார். நிக்கி மினாஜ் என்னும் அமெரிக்க ராப் பாடகியின் பாட்டொன்றின் மெட்டில் அது அமைந்திருந்தது. அப்பாடகியே அதனைத் தம் சமூக ஊடகப் பக்கத்தில் பலரறியப் பகிர்ந்தார். இலட்சக்கணக்கானோர் கண்டனர். 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது. வழக்காடியவர்களும் தொழிலாளர் சங்கத்தாரும் அதுவரை ஆற்றிய நெடும்பணியின் மேல் வந்து வீழ்ந்த கடைசித் துளி அப்பாட்டு. மண்ணைத் தூய்மை செய்யும் அளவு எது என்னும் வழக்கு அதன் பின்னும் தொடர்ந்தது.