பாதாப்பியங்கம்

பாதாப்பியங்கம்: உள்ளங்கால், குதிகால், கணுக்கால் ஆகியவற்றில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் ஆயுர்வேதப் பராமரிப்பு முறை. உடல் முழுதும் எண்ணெய் தேய்க்கும் அப்பியங்கத்தின் ஒரு பகுதி. அன்றாட ஒழுக்கமான தினசரியையில் அடங்கும். ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானப் பகுதி கால்களின் சொரசொரப்பு, விறைப்பு, மரத்துப்போதல், களைப்பு, வெடிப்பு ஆகியவற்றுக்கு இதைக் கூறுகிறது. பார்வை தெளியும் என்றும் சொல்கிறது. பின்னது மரபு நம்பிக்கை. மருத்துவச் சான்றாகக் கொள்ளத்தக்கதன்று. மற்றோர் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம், எண்ணெய் தேய்க்கையில் தலை, காது, பாதம் மூன்றையும் சிறப்பாகக் கவனிக்கச் சொல்கிறது.

நல்லெண்ணெய், நெய், க்ஷீரபலா தைலம் என்ற மூலிகை எண்ணெய் முதலியன வெதுவெதுப்பாகப் பயன்படும். சிலர் வெண்கலக் கிண்ணத்தாலும் தேய்ப்பர். குதிகாலிலிருந்து விரல் அடிவரை செல்லும் உள்ளங்கால் தசைநார்ப்பட்டையையும் ஆடுசதையையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் இறுக்கம் தளர்கிறது. இதையொத்த சித்த மருத்துவப் புறச்சிகிச்சை முறை தொக்கணம். தட்டல், அழுத்தல், இழுத்தல் உள்ளிட்ட 9 வகைப்படும்.

எலும்பு முறிவு, புதிய சுளுக்கு, திறந்த புண், காலில் இரத்தக்கட்டி இருப்போருக்கு இது ஆகாது. நீரிழிவால் உணர்ச்சி குன்றிய பாதத்தில் சூடும் அழுத்தமும் தெரியாமலே காயமாக்கும். அத்தகையோர் மருத்துவரைக் கேட்காமல் செய்யலாகாது. தேய்த்தபின் விரலிடுக்கில் எண்ணெய்ப் பிசுக்கு தங்காமல் துடைக்க வேண்டும்.