செய்திக்குறிப்பு கடந்து வந்த தூரம்

1906 அக்டோபர் 28. அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே பாலத்தில் தடம்புரண்ட மின்சார ரயில் நீருக்குள் விழுந்து ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். விபத்து நடந்தால் வாயைத் திறக்காமல் இருப்பதே அன்றைய ரயில்வே முதலாளிகளின் வழக்கம். பென்சில்வேனியா ரயில்வேயின் ஆலோசகர் ஐவி லீ அதை உடைத்தார். முன்னாள் நிருபரான அவர், நடந்ததை நிறுவனத்தின் பெயரிலேயே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நிருபர்களைச் சம்பவ இடத்துக்கே ரயிலில் அழைத்துப்போகவும் ஏற்பாடு செய்தார். நியூயார்க் டைம்ஸ் அந்தக் குறிப்பை அப்படியே அச்சிட்டது. செய்திக்குறிப்பின் வரலாற்றை இங்கிருந்துதான் தொடங்குவது வழக்கம்.

பிறக்கும்போது அதனுடன் இரண்டும் சேர்ந்தே இருந்தன: நிறுவனத்தின் சொல், அந்தச் சொல்லைச் சரிபார்க்க நிருபருக்குத் திறந்துவிட்ட வழி. பிறகு வந்த காலமெல்லாம் முதலாவது வேகமெடுத்தது. இரண்டாவது பின்தங்கிக்கொண்டே வந்தது.

1954இல் நியூயார்க்கில் செய்திக்குறிப்புகளை விநியோகிக்கும் பி.ஆர். நியூஸ்வயர் நிறுவனம் தொடங்கியபின், குறிப்புகள் டெலிபிரிண்டர் வழியே ஒரே நேரத்தில் பல செய்தியறைகளை எட்டின. அடுத்து ஃபேக்ஸ், மின்னஞ்சல். எதில் வந்தாலும் அது உதவி ஆசிரியரின் மேசையைத் தாண்டியாக வேண்டும். அவர் புகழுரையை வெட்டுவார், எண்களைச் சரிபார்ப்பார், சந்தேகம் வந்தால் தொலைபேசியை எடுப்பார்.

இணையம் அந்த மேசையைச் சுருக்கியது. 2000 ஆகஸ்ட் 25 அன்று, கலிஃபோர்னியாவின் எமுலெக்ஸ் நிறுவனத் தலைமை அதிகாரி பதவி விலகிவிட்டதாக, இன்டர்நெட் வயர் என்ற இணைய விநியோக நிறுவனம் வழியாக ஒரு குறிப்பு வெளியானது. முழுப் பொய். இன்டர்நெட் வயரில் முன்பு வேலைபார்த்த ஓர் இளைஞர் பங்குச்சந்தை லாபத்துக்காக அனுப்பியது. புளூம்பெர்க் உள்ளிட்ட செய்தி நிறுவனங்கள் அதைச் செய்தியாக்கின. 113 டாலரில் இருந்த பங்கு 43 டாலருக்குச் சரிந்தது. எமுலெக்ஸ் அலுவலகத்துக்கு ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு போயிருந்தால் பொய் அங்கேயே நின்றிருக்கும்.

பிறகு மேசையே தேவையில்லை என்றானது. 2012 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், ரசிகர்கள் ஒரே மாதத்தில் 100 கோடி மணி நேரத்துக்கு மேல் படம் பார்த்ததைத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் நேரடியாக எழுதினார். இது முறையா என்று விசாரித்த அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம், எந்தப் பக்கத்தில் அறிவிப்போம் என்று முதலீட்டாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் சமூக ஊடகத்திலும் அறிவிக்கலாம் என்று 2013 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. மறுபக்கம், நிறுவனங்களின் காலாண்டு வருவாய்ச் செய்திகளை மென்பொருளைக் கொண்டே எழுத ஏ.பி. செய்தி நிறுவனம் 2014இல் ஏற்பாடு செய்தது. நிருபர்களின் நேரம் மிச்சமாகும் என்றது.

அந்த மிச்சம் கேள்விக்குச் செலவாக வேண்டும். குறிப்பைப் படித்து எழுதுவதை இயந்திரம் செய்யட்டும். தொழிற்சாலை வாசலுக்கும் விபத்து நடந்த இடத்துக்கும் நிருபர் போகட்டும். நிறுவனங்களும் குறிப்பின் அடியில் தொடர்பு எண் போடுவதோடு நிற்காமல், அந்த எண்ணை எடுத்துப் பதில் சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவரை அங்கே உட்கார்த்த வேண்டும்.