தோட்டத்துக்கு வந்தவரும் விருந்தாளிதான்

('பழைய மாளிகைகளின் வரலாறு நமக்கு எதற்கு?' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி அரங்கில், காப்பாரிலிருந்து வந்து கலந்துகொண்ட அன்பர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டார். "ஒரு ராத்திரி தங்குவதற்கே நூற்றுக்கணக்கில் வெள்ளி கொடுக்க வேண்டிய ஹோட்டலின் வரலாறு நமக்கு எதற்கு? நாமா அங்கே போய்ப் படுக்கப் போகிறோம்?" என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். நியாயமான கேள்விதான். ஆனாலும் பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

கோலாலம்பூர் பழைய ரயில் நிலையம் நம் எல்லோருக்கும் தெரியும். ஹப்பாக் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1910-இல் எழுந்த கட்டடம். அங்கிருந்து சாலையைத் தாண்டிப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று நிற்பது மெஜஸ்டிக் ஹோட்டல். 1932-இல் திறக்கப்பட்டது. ரயிலில் வந்து இறங்கும் தோட்டத் துரைமாரும் அதிகாரிகளும் வணிகர்களும் பெட்டி படுக்கையோடு நேரே போய்த் தங்கிய இடம். விருந்து, நடனம், கூட்டம் எல்லாம் அங்கேதான்.

1983-ஆம் ஆண்டோடு ஹோட்டலை மூடிவிட்டார்கள். 1984 முதல் 1998 வரை அந்தக் கட்டடம் தேசியக் கலைக்கூடமாக இருந்தது. பிறகு பழுதுபார்த்து, 2012 டிசம்பரில் மறுபடியும் ஹோட்டலாகத் திறந்தார்கள். பழைய கட்டடத்தில் 47 அறைகள், பக்கத்தில் எழுப்பிய புதிய கோபுரத்தில் 253 அறைகள். ஸ்பா என்று சொல்கிறார்களே, எண்ணெய், நீராவி, உடம்பு பிடித்துவிடுதல், அதற்கும் தனியிடம் அமைத்தார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மெக்கின்டோஷ் என்ற கலைஞர் 1903-இல் அமைத்துக் கொடுத்த வில்லோ தேநீர் விடுதியைப் பார்த்துத்தான் அந்த ஸ்பாவின் அலங்காரத்தைச் செய்தார்களாம்.

ஹோட்டலின் வரலாறு என்று எழுதினால் இவ்வளவும் வரும். எழுதட்டும், நல்லதுதான். நான் கேட்பது வேறு. அதே 1932-இல் கிள்ளான், காப்பார் பக்கத்துத் தோட்டங்களில் நம் ஆட்கள் எப்படி இருந்தார்கள்?

உலகம் முழுதும் வியாபாரம் படுத்துப்போன காலம் அது. ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போனது. அதற்கு முன்பு ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 50 காசும் பெண்களுக்கு 40 காசும் கூலி. 1930-இல் அதை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 32 என்று ஆக்கினார்கள். பின்னர் அதையும் குறைத்தார்கள். வேலையில்லை என்று சொல்லிக் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் லட்சத்துக்கும் மேல். ரயில் நிலையத்துக்கு எதிரே புது ஹோட்டலில் விளக்கு ஏற்றிய காலமும், துறைமுகத்தில் நம் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நின்ற காலமும் ஒன்றுதான்.

அந்தத் துறைமுகத்தின் பழைய பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். 1901-இல் திறந்தது, இன்றைக்குக் கிள்ளான் துறைமுகம். நம்மவர்கள் வந்து இறங்கியதும் அங்கேதான். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு வழியாக ரஜூலா கப்பல் வந்ததைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். 1926-இல் கட்டிய கப்பல், 1973 வரை ஓடியது. மேல்தட்டில் பாய் விரித்து வந்தவர்கள் இறங்கியவுடன் முதலில் பார்த்தது நோய்த்தடுப்பு முகாமைத்தான். அங்கே அடைத்து வைத்து, சோதித்து, அப்புறம்தான் தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

ஆக, இந்த நாட்டுக்கு இரண்டு விதமாக விருந்தாளிகள் வந்தார்கள். ஒருவர் ரயிலிலிருந்து இறங்கி ஹோட்டலுக்குப் போனார். இன்னொருவர் கப்பலிலிருந்து இறங்கி முகாமுக்குப் போனார்.

நான் இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. நம் ஆட்கள் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்று நடத்தியவர் ஆர்.எச். நாதன். 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தவர். பத்திரிகை படிக்கும் நாம் அவரை மறக்கலாகாது. தொழிலாளர்கள் 12 கோரிக்கைகளை வைத்தார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான படிப்பு வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கச் சொல்லக்கூடாது.

இந்தச் சைக்கிள் சங்கதி பலருக்கும் தெரியும். அதே பட்டியலில் இன்னொரு கோரிக்கை இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. உறவினர்களும் நண்பர்களும் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்து போக விட வேண்டும் என்பது அது.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விருந்தோம்பலுக்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே வைத்திருக்கும் இனம் நாம். நம் வீட்டுக்கு நம் மாமன் மச்சான் வந்து போக, அனுமதி கேட்டுப் போராட வேண்டியிருந்தது. எங்கள் தாத்தா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தவர். அக்காள் புருஷன் வந்தால் சோறு போடுவதற்கு முன்னால் கிராணியிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்பார். "வந்தவரை வாங்கன்னு சொல்லக்கூட பயமா இருந்துச்சுடா" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த வேலைநிறுத்தம் என்ன ஆனது? மே மாதம் நாதனைக் கைது செய்து, இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின. அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். துரைமார்களே ஊரை விட்டு ஓடினார்கள்.

இப்போது குளியல் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய ஹோட்டல் என்றால் குளியலும் பெரிதாக இருக்க வேண்டும் என்பது பழைய எண்ணம்தான். 1903-இல் பம்பாயில் ஜாம்ஷெட்ஜி டாடா கட்டிய தாஜ்மகால் ஹோட்டலில் துருக்கிக் குளியல் உண்டு என்று பெருமையாகச் சொல்வார்கள். மலாயாவின் பழைய பங்களாக்களில் குழாய் வருவதற்கு முன்னால் என்ன இருந்தது தெரியுமா? பெரிய தாழி. தாழியில் தண்ணீரை நிரப்பி வைக்க ஓர் ஆள். 'துக்காங் ஆயர்' என்று மலாயில் அவருக்குப் பெயர். துரை மொண்டு ஊற்றிக்கொண்டு குளிர்ந்து போவார். தண்ணீர் சுமந்தவரின் பெயரை எந்த விருந்தினர் பதிவேட்டிலும் எழுதவில்லை. தண்ணீர் சுமந்தவர், துணி வெளுத்தவர், சமையல்கட்டில் நின்றவர், ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கியவர் என்று ஒரு விருந்தாளியின் சுகத்துக்குப் பின்னால் இத்தனை பேர் இருந்தார்கள்.

இன்றைக்கும் மெஜஸ்டிக்கிலிருந்து கொஞ்ச தூரம் போனால் பிரிக்பீல்ட்ஸ் வந்துவிடும். ரயில்வே ஊழியர்கள் குடியிருந்து வளர்ந்த பேட்டை. பார்வையற்றோர் சங்கம் அங்கே இருக்கிறது. பார்வையற்ற அன்பர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்களும் அங்கே பெயர் பெற்றவை. கண் தெரியாத விரல், வலிக்கும் இடத்தைத் தானே கண்டுபிடித்துவிடும். தறி ஓட்டியவனும் லோரி ஓட்டியவனும் அங்கே போய்ப் படுத்து, தோள் லேசாகி எழுந்து வருகிறான். ஸ்பாவில் மெழுகுவர்த்தியும் மெல்லிய இசையும் இருக்கலாம். உழைத்த உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்பது இரண்டு இடத்துக்கும் பொதுதான்.

சகோதரி கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். அந்த மாளிகையின் வரலாறு நமக்கு வேண்டும். ஏனென்றால் அதில் பாதி நம்மிடம்தான் இருக்கிறது. படுத்துத் தூங்கியவர்களின் பாதியை ஹோட்டல்காரர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பழைய படங்களைச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். உழைத்தவர்களின் பாதி நம் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. அதை நாம் எழுதி வைக்கவில்லை.

14 ஆண்டுகள் அந்தக் கட்டடம் கலைக்கூடமாக இருந்தபோது, அறை வாடகை கொடுக்காமல் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்த நாளில் நானும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு படியேறினேன். ஓர் ஓவியத்தின் முன்னால் நின்ற என் சின்ன மகள், "அப்பா, இது யாரு வீடு?" என்று கேட்டாள். எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை.

அரங்கத்தில் இருக்கும் இளைஞர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தீபாவளிக்கு வீட்டுக்குப் போகும்போது தாத்தா பாட்டியிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்த லயத்தில் இருந்தார்கள், யார் வீட்டில் துணி வெளுத்தார்கள், யாருக்குச் சமைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். இன்னும் பத்து வருஷம் போனால் சொல்ல ஆள் இருக்காது.

என் மகள் கேட்ட கேள்விக்கும் அப்போதுதான் பதில் கிடைக்கும்.