கால் முந்திய பிள்ளை

1752ஆம் ஆண்டில் கிளைவ் கோவளத்துக் கோட்டையைப் பிடித்தான். சரித்திரப் புத்தகங்களில் இந்தச் செய்தி இருக்கிறது. அதே ஆண்டில் அந்தக் கடற்கரையில் பிரசவத்தில் மாண்ட பெண்கள் எத்தனை பேர் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. கோட்டையின் கதையை எழுதக் கணக்கர்கள் இருந்தார்கள். கர்ப்பத்தின் கதையை எழுத யாரும் இருக்கவில்லை.

ஆனால் ஊர் வழக்கில் ஒரு சிறு சாட்சியம் உண்டு. கால் முந்திப் பிறந்தவன் மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்று கிழவிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதைக் கேட்டு நகைப்பவர்கள் நகைக்கட்டும்; எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. அப்படிப் பிறந்தும் பிழைத்தவன் அபூர்வமானவன் என்பதையே அந்த மரியாதை காட்டுகிறதன்றோ? பிழைக்காத பிள்ளைகள் யாருடைய சுளுக்கையும் தீர்க்க வரவில்லை.

வயிற்றுப் பிள்ளைக்குத் தலைகீழாக நிற்பதுதான் நேர். ஏழாம் மாதத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பிள்ளை தலையை மேலே வைத்து உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் தானே புரண்டுவிடும். நாள் நிறையும்போது நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பிள்ளைகளே அப்படி இருக்கும். பிறக்கும்போது இடுப்போ காலோ முந்தி, தலை கடைசியில் வந்து சிக்கினால், கொப்பூழ்க்கொடி நசுங்கிக் குழந்தை மூச்சுத் திணறும்.

இந்த வித்தையைத் தமிழிலேயே கற்பிக்க முயன்றவர் ஒருவர் இருந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மான்செல் என்ற டப்ளின் மருத்துவரின் பிரசவ நூலை 1857இல் தமிழில் வெளியிட்டார். அவரிடம் படித்தவர்கள் ஆண்கள்; பிரசவம் பார்த்தவர்களோ பெரும்பாலும் எழுத்தறியாத மருத்துவச்சிகள். புத்தகம் ஒரு வீட்டிலும் பிரசவம் மற்றொரு வீட்டிலுமாக இருந்தது என்று சொல்லலாம்.

சென்னையில் 1844இல் பிரசவ ஆஸ்பத்திரி ஏற்பட்டு, 1882இல் எழும்பூருக்குப் போயிற்று. 1875இல் மேரி ஷார்லிப் முதலிய நான்கு பெண்கள் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்கள். 1938இல் லட்சுமணசுவாமி முதலியார் எழுதிய பிரசவ நூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடமாயிற்று. ஆனால் கோவளத்திலிருந்து எழும்பூர் சுமார் 40 கிலோமீட்டர். வலி கண்ட பெண்ணுக்கு அது மாட்டுவண்டியில் எத்தனை தூரம்! ஆகவே வலி வருமுன் கண்டுபிடிப்பதே பிழைக்கும் வழி.

கண்டுபிடிக்கக் கை போதும். மேல்வயிற்றில் கெட்டியாக, உருண்டையாக, தட்டினால் தனியே அசைவதாக ஒன்று தென்பட்டால் அது தலை; மெத்தென்று அகலமாக இருந்தால் இடுப்பு. தலை மேலே இருந்தால் இதயத் துடிப்பு பெரும்பாலும் தாயின் தொப்புளுக்கு மேலே கேட்கும். சந்தேகமிருந்தால் ஸ்கேன் தீர்த்துவைக்கும்.

கண்டபின் என்ன செய்வது? 36 வாரத்துக்குப் பின் வயிற்றின்மேல் கைவைத்துப் பிள்ளையைத் திருப்புவதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் மருத்துவர் பினார் இம்முறையைப் பரப்பினார். ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலிக்கிறது. ஆனால் குழந்தையின் துடிப்பைக் கவனித்துக்கொண்டு, வேண்டுமானால் உடனே அறுவை செய்யக்கூடிய ஆஸ்பத்திரியில்தான் செய்யவேண்டும். வீட்டில் எண்ணெய் தடவி உருவித் திருப்ப முயல்வது ஆபத்து.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, 26 நாடுகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரைக் கவனித்தது. முன்கூட்டியே அறுவை என்று திட்டமிட்டவர்களில், குழந்தை இறந்தோ கடுமையாகப் பாதிக்கப்பட்டோ போனது நூற்றுக்கு 1.6, இயல்பான பிரசவத்துக்குத் திட்டமிட்டவர்களில் 5. அதன்பின் உலகெங்கும் அறுவையே வழக்கமாயிற்று. பல குழந்தைகள் பிழைத்தன. ஆனால் இடுப்பு முந்திய பிள்ளையைக் கையால் பிரசவிக்கத் தெரிந்த மருத்துவர்கள் குறைந்துபோனார்கள்.

இன்று தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். இது பெரிய வெற்றி. ஆயினும் நடுராத்திரியில், பிள்ளையின் கால் வெளியே தெரிய, ஒருத்தி வந்து சேரக்கூடும். அறுவைக்கு அப்போது நேரமிராது. நூறு பேருக்குக் கத்தி வேண்டும் என்று நானும் ஒப்புவேன். அந்த ஒருத்திக்காகக் கையின் கல்வியையும் மறக்காமல் கற்பிக்கவேண்டும்.