பெய் (சீன எழுத்து)

பெய் என்பது சோழியையும் பொதுவாகச் சிப்பி வகைகளையும் குறிக்கும் சீன எழுத்து. வாங்குதல், கடன், பரிசு, வறுமை எனப் பொருளியலோடு தொடர்புடைய பல எழுத்துகளில் இது ஓர் உறுப்பாக அமைகிறது. 1716இல் வெளிவந்த காங்சி அகராதியின் 214 அடிப்படை உறுப்புகளுள் இது 154ஆவது.

ஷாங் மன்னர்களின் தலைநகரான ஆன்யாங்கில் கிடைத்த குறியெலும்புகளிலும் ஆமையோடுகளிலும் இந்த எழுத்து, பிளந்த வாயுடைய சோழியின் படமாகவே காணப்படுகிறது. காலப்போக்கில் கோடுகள் நேராயின. மேலே ஒரு கட்டம், அதனுள் இரு கிடைக்கோடுகள், அடியில் இரு கால்கள் என ஏழு கோடுகளில் எழுதும் வடிவம் நிலைபெற்றது.

வெப்பக் கடல்களில் வாழும் சோழி, உள்நாட்டு நகரான ஆன்யாங்கில் அரிய பொருள். 1976இல் அங்கே அகழப்பட்ட அரசி பூ ஹாவின் கல்லறையில் ஏறத்தாழ 6,900 சோழிகள் இருந்தன. தொடக்ககால மேற்குச் சோவ் ஆட்சியைச் சேர்ந்த 'ஹே சுன்' என்ற வெண்கலக் கலத்தின் பொறிப்பு, ஹே என்பவருக்கு மன்னர் 30 'பெங்' சோழி அளித்ததாகக் கூறுகிறது. பெங் என்பது கோத்த சோழிகளை எண்ணும் அளவு.

கி.பி. 100 அளவில் ஷூ ஷென் தொகுத்த 'ஷுவோவென்' அகராதி, முற்காலத்தில் சோழியே செல்வமாக இருந்தது என்றும், சின் ஆட்சியில் அது நீக்கப்பட்டுக் காசு வழங்கியது என்றும் விளக்குகிறது. பின்னர் பேரரசர் வாங் மாங் தம் நாணயச் சீர்திருத்தத்தில் சோழியை மீண்டும் புகுத்தினார், அது நிலைக்கவில்லை. தென்மேற்கிலுள்ள யுன்னானிலோ 17ஆம் நூற்றாண்டு வரை சோழி பணமாகப் புழங்கியது.

கூட்டெழுத்துகளில் இந்த வரலாறு தெளிவாகத் தெரியும். 'வாங்கு' என்பதற்கான எழுத்தில் சோழியின் மேல் வலை இருக்கிறது. 'வறுமை'க்கான எழுத்தில் 'பிரி' என்ற உறுப்பு சோழியின் மேல் நிற்கிறது. ஆனால் இவ்வுறுப்பைக் கொண்ட எழுத்துகள் அனைத்தும் சோழியிலிருந்து பிறந்தவை அல்ல. 'விதி' என்று பொருள்படும் எழுத்தில் முதலில் இருந்தது முக்காலி வெண்கலக் கலத்தின் படம். அது சுருங்கியபோது பெய்யின் வடிவத்தை ஒத்துவிட்டது.

ஒலிக்காக மட்டும் இவ்வெழுத்தைக் கையாள்வதும் உண்டு. 'பத்ர' என்ற வடசொல்லை ஒலிபெயர்க்க இதைப் பயன்படுத்தியதால், பனையோலையில் எழுதிய பௌத்தச் சுவடிகள் சீனத்தில் 'பெய்யே' எனப்பட்டன. இன்றைய பேச்சில் 'பாவோபெய்' என்றால் அரும்பொருள். குழந்தையைச் செல்லமாக அழைக்கவும் அதே சொல்தான்.

1956இல் சீன அரசு அறிவித்த எளிமையாக்கத் திட்டத்தின் வழியே பெய் நான்கு கோடுகளாகக் குறைந்தது. தைவான், ஹாங்காங், ஜப்பான் ஆகிய இடங்களில் ஏழு கோட்டு வடிவமே வழக்கில் உள்ளது.