பெயர் மாறிய அறமொழிகள்: செக்ஸ்துஸ் தொகுப்பின் வரலாறு

பைதாகரஸ் மரபில் வந்ததாகக் கிரேக்க உலகில் வழங்கிய அறமொழிகள் பலவற்றுக்கு ஆசிரியர் யார் என்று சொல்ல முடியாது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் தொகுத்தார். மூன்றாமவர் அதில் வேண்டியதை எடுத்து, ஒரு சொல்லை மாற்றித் தம் தொகுப்பில் சேர்த்துக்கொண்டார். உடைமைப் பற்றை விடுதல், நாவடக்கம், புலனாசைக்கு ஆட்படாமல் ஆன்மாவைக் கடவுளுக்கு ஒப்பாக்குதல் ஆகியவையே இவற்றின் சாரம். புறச்சமயத்தாரின் இந்த ஞானம் கிறித்தவ மடங்களுக்குள் நுழைந்த வழியைச் ‘செக்ஸ்துஸ் அறமொழிகள்’ அளவுக்குத் தெளிவாகக் காட்டும் நூல் வேறில்லை என்பது என் கருத்து.

இத்தொகுப்பின் மூலப் பகுதியில் 451 மொழிகள் உள்ளன. 1959இல் இதை விரிவான ஆய்வுரையுடன் பதிப்பித்த ஹென்றி சாட்விக், கி.பி. 2ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஒரு கிறித்தவர் பழைய புறச்சமய மொழிகளைத் திருத்தி அமைத்தார் என்று முடிவு கட்டினார். ‘ஞானி’ இருந்த சில இடங்களில் ‘விசுவாசி’ வந்தார். நற்செய்தி நூல்களின் சாயல் அங்கங்கே ஏறியது. ஆனால் இயேசுவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

பழைய மொழிகளைக் கிறித்தவர் ஒருவர் திருத்தினார் என்பதற்கு வலுவான சான்று எதிர்முகாமிலிருந்தே கிடைக்கிறது. கிறித்தவத்தை மறுத்துப் பெருநூல் எழுதிய போர்ஃபிரி, கி.பி. 300ஐ ஒட்டித் தம் மனைவி மார்செல்லாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மார்செல்லா ஏழு பிள்ளைகளுடைய கைம்பெண்ணாக இருந்து அவரை மணந்தவர். மணமாகிப் பத்தே மாதத்தில் கணவர் பயணம் புறப்பட்டுவிட்டார். ஆறுதலாக அனுப்பிய கடிதம் பெரும்பாலும் பழைய அறமொழிகளைக் கோத்த சரம்தான். (அந்த அம்மையாருக்கு அது எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்பது வேறு கேள்வி.) அதில் பல மொழிகள் செக்ஸ்துஸ் தொகுப்போடு ஒத்துப்போகின்றன, கிறித்தவத் திருத்தங்களோ அவற்றில் இல்லை. ஆகவே, போர்ஃபிரி கிறித்தவ நூலைப் பார்த்து எழுதவில்லை, இரண்டுக்கும் மூலமான பழைய தொகுப்பு ஒன்று இருந்தது என்று கொள்வதே பொருத்தம்.

3ஆம் நூற்றாண்டின் நடுவில் கிறித்தவ இறையியலாளர் ஒரிஜன் இந்நூலைக் கிறித்தவர் பலர் போற்றி வாசிப்பதாகச் சொல்கிறார். கற்புக்கு இடையூறான உறுப்பைக் களையச் சொல்லும் மொழிகளை நேர்ப்பொருளில் கொள்ளக் கூடாது என்றும் எச்சரிக்கிறார். அவரே இளமையில் அப்படிச் செய்துகொண்டவர் என்று யூசேபியுஸ் எழுதியிருப்பதை நினைத்தால், அந்த எச்சரிக்கை படித்து வந்ததாகத் தோன்றவில்லை.

வழக்கு மூண்டது லத்தீன் மொழிபெயர்ப்பால். கி.பி. 400ஐ ஒட்டி ருஃபினுஸ் இதை மொழிபெயர்த்து, எப்போதும் கையில் கிடக்கட்டும் என்று ‘மோதிரம்’ எனப் பெயரிட்டார். 258இல் உயிர்த்தியாகம் செய்த உரோமை ஆயர் சிக்ஸ்துஸே இதன் ஆசிரியர் என்று சிலர் சொல்வதாகவும் முன்னுரையில் எழுதினார். ‘சொல்கிறார்கள்’ என்ற அளவில்தான் அவர் நிறுத்தினார். வாசகர்கள் நிறுத்தவில்லை. மனிதன் முயன்றால் பாவமின்றி வாழலாம் என்று வாதிட்ட பெலாஜியுஸ், ஒரு புனித ஆயரின் வாக்காகவே இம்மொழிகளைத் துணைக்கு அழைத்தார்.

ருஃபினுஸின் பழைய நண்பரும் பின்னாள் பகைவருமான ஜெரோம் கொதித்தெழுந்தார். 415ஐ ஒட்டிய கடிதத்தில், பைதாகரஸ் வழிவந்த புறச்சமயத்தான் ஒருவனின் நூலுக்கு ஆயர் பெயரைச் சூட்டிவிட்டதாக ருஃபினுஸைச் சாடினார். இறைவாக்கினர், திருத்தூதர், கிறிஸ்து என எவரும் அதில் குறிப்பிடப்படவில்லை என்பது அவர் வாதம். வாதம் கூர்மையானது, வாதியின் கைதான் முழுக்கச் சுத்தமில்லை. 393இல் யோவினியானுஸை மறுத்து எழுதியபோது இதே தொகுப்பை அவரும் தமக்குச் சாதகமாக எடுத்தாண்டிருந்தார். பெலாஜியுஸுக்கு மறுப்பெழுதிய அகுஸ்தீன் முதலில் ஆயரே ஆசிரியர் என்று நம்பினார். 427 வாக்கில் தம் நூல்களை மீள்பார்வையிட்டபோது அதைத் திருத்திக்கொண்டார்.

தீர்ப்பு வந்தும் நூல் பரவுவது நிற்கவில்லை. சிரியாக் மொழியில் அது ஆயர் பெயராலேயே வழங்கியது. ஆர்மீனிய மொழியிலோ துறவி எவாக்ரியுஸின் பெயர் ஏறியது. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே கிடைத்த சுவடிகளில் இதன் கோப்திக் மொழிபெயர்ப்பும் இருந்தது. எஞ்சியவை சில தாள்களே ஆயினும், இன்றுள்ள கிரேக்கச் சுவடிகளைவிட அவை பல நூற்றாண்டு மூத்தவை.

ஆசிரியர் யார் என்பதில் ஜெரோம் பக்கமே உண்மை நெருங்கி நிற்கிறது. ஆனால் மொழிகளைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்தக் கேள்வி முக்கியமாகப் படவில்லை. 6ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்கு ஒழுங்கு வகுத்த பெனடிக்ட், அதன் ஏழாம் அதிகாரத்தில் குறைவாகப் பேசுவது குறித்து இத்தொகுப்பின் ஒரு மொழியை, ஆசிரியர் பெயர் சொல்லாமல், எழுதப்பட்டுள்ளது என்று மட்டும் சொல்லிச் சேர்த்தார். பெனடிக்ட் சபை மடங்களில் அந்த அதிகாரம் இன்றும் வாசிக்கப்படுகிறது.