பறவை போட்டோவை 'ஷார்ப்' பண்ணப் போறீங்களா? ஸ்லைடரைத் தொடும் முன் இதைப் படிங்க!

கோடியக்கரை, பழவேற்காடுன்னு கேமராவோட கிளம்பி, சேற்றில் இரை தேடும் உள்ளான்களைப் படம் பிடிச்சிருப்பீங்க. சின்னத் திரையில் பார்த்தா செம! பெரிதாக்கினால்தான் தெரியும், இறகெல்லாம் மங்கலாக இருப்பது. உடனே எடிட்டிங் ஆப்பில் 'ஷார்ப்பனிங்' ஸ்லைடரை வலது ஓரம் வரை இழுப்போம். பல நல்ல படங்கள் கெட்டுப்போவது அங்கேதான்.

ஷார்ப்பனிங் என்ன செய்யும்?

படத்தில் இல்லாத இறகை அது கொண்டுவராது. விளிம்புகளில் இருட்டை இன்னும் இருட்டாக்கி, வெளிச்சத்தை இன்னும் வெளிச்சமாக்கும், அவ்ளோதான். கரைப்பறவைப் படங்களில் பறவை சிறிசு. சுற்றிலும் அலை, ஈரச் சேறு, வெயில் மினுமினுப்பு. ஸ்லைடர் அது எல்லாத்தையும் சேர்த்தே கூர்மையாக்கிடும்.

இதனால் என்ன நஷ்டம்?

பறவையின் அடையாளமே மாறிப்போகலாம். கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. அதன் உறவுக்காரரான டெமிங்க் கொசு உள்ளானுக்குக் கால் மங்கிய மஞ்சள் பச்சை. முதுகும் அதிக வேலைப்பாடு இல்லாத பழுப்பு. அளவுக்கு மீறி ஷார்ப் செய்தால் ஒவ்வொரு இறகிலும் பொய்யான வெள்ளை விளிம்பு முளைக்கும். ஏ.ஐ ஷார்ப்பனிங் இன்னும் ஒரு படி மேலே போய், இறகையே ஊகித்து வரைந்துவிடும். இ-பேர்டு போன்ற தளத்தில் அந்தப் படத்தை ஏற்றினால், பார்ப்பவர் எதை நம்பி பறவையை அடையாளம் சொல்வார்?

சரி, எப்படிச் செய்வது?

1. முதலில் கண்ணைப் பாருங்க. படத்தை 100 சதவிகிதத்துக்குப் பெரிதாக்குங்க. கண் ஓரளவு தெளிவாக இருந்தால் மேலே போகலாம். பறவை அசைந்தோ, வெயில் அலையாலோ கலங்கிய படத்தை ஷார்ப்பனிங் காப்பாற்றாது.

2. வரிசை முக்கியம். கிராப், அடுத்து நாய்ஸ் குறைப்பு, அப்புறம்தான் ஷார்ப்பனிங். மாற்றிச் செய்தால் புள்ளிப் புள்ளியான நாய்ஸும் சேர்ந்து கூர்மையாகும்.

3. லைட்ரூமில் நான்கு ஸ்லைடர்கள். 'அமௌன்ட்' என்பது அளவு. ரா ஃபைலுக்கு 40-லிருந்து 60 வரை முயலலாம். 'ரேடியஸ்' விளிம்பின் தடிமன். மெல்லிய இறகுகளுக்கு 0.8 முதல் 1 போதும். 'டீடெய்ல்' 25-ஐ ஒட்டி இருக்கட்டும். கரைப்பறவைக்கு நிஜமான ஹீரோ 'மாஸ்கிங்'. அதை 70, 80 என ஏற்றினால் தண்ணீரும் சேறும் பெருமளவு தப்பிக்கும், அலகு, கண், இறகு விளிம்புகள் மட்டும் கூர்மையாகும். இதெல்லாம் தொடக்கப் புள்ளிதான், படத்துக்குப் படம் மாறும்.

4. ஜேபெக் என்றால் கையைக் கட்டுங்க. கேமராவோ போனோ ஏற்கெனவே கொஞ்சம் ஷார்ப் செய்துதான் தந்திருக்கும். பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிச்சு மெதுவா ஏற்றுங்க.

5. ஸ்னாப்சீட்தான் இருக்கா? 'டீடெய்ல்ஸ்' கருவியில் 'ஸ்ட்ரக்சர்' பக்கம் போகாதீங்க, சேற்றையும் சேர்த்து முரட்டுத்தனமாக்கும். 'ஷார்ப்பனிங்'கை மட்டும் கொஞ்சமாகத் தொடுங்க.

6. வெள்ளைக் கோடு தெரியுதா? நெடுங்கால் உள்ளானின் கறுப்பு முதுகு, பளிச்சென்ற தண்ணீரைத் தொடும் இடத்தைப் பாருங்க. அங்கே வெள்ளை வளையம் வந்தால் அளவு தாண்டிடுச்சு, ஸ்லைடரைக் குறைங்க.

7. கடைசி ஷார்ப்பனிங், அளவைக் குறைத்த பிறகு. படத்தைச் சிறிதாக்கும்போது கூர்மை கொஞ்சம் குறையும். இன்ஸ்டாவுக்கு 1080 பிக்சல் அகலத்தில் ஏற்றுமதி செய்யும்போது, 'ஸ்க்ரீன்' என்பதைத் தேர்ந்தெடுத்து குறைந்த அளவு ஷார்ப்பனிங் கொடுங்க. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்க, தரம் குறையாது.

ஷார்ப்பான படத்துக்காகப் பறவையை நெருங்கிப் போகாதீங்க. கொசு உள்ளான், ஆர்க்டிக் பகுதியில் கூடு கட்டி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து நம் கரைக்கு வருவது. எடை, ஏறக்குறைய ஐந்தாறு ஒரு ரூபாய் நாணயங்கள் அளவுதான். நாம் விரட்டும் ஒவ்வொரு முறையும் அது தின்று சேர்த்த சக்தி வீணாகும். காலை வெயில் ஏறும் முன்னே போய், தாழ்வாக உட்கார்ந்து, ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்கு மேல் வெச்சுக் காத்திருங்க. பறவையே இரை தேடிக்கிட்டு பக்கத்துல வரும். அப்படிக் கிடைக்கும் படத்துக்கு ஸ்லைடர் கொஞ்சம் நகர்ந்தாலே போதும்.